ஹூக்ளி ஆத்துல கப்பல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழ்ல கொல்கத்தா துறைமுகத்தைப் பத்தி அரைப்பக்கம் எழுதியிருந்தேன். கடல்ல இருந்து 200 கிலோமீட்டருக்கு மேல, கங்கையோட கிளையான ஹூக்ளி ஆத்துக்குள்ள ஏறிப் போய் நிக்கிற துறைமுகம்னு அதுல ஒரு வரி வரும், அந்த ஒரு வரிக்கே கேள்வி குவிஞ்சிருச்சு. நெறைய பேர் கேட்டதையும் உடனே பதில் சொல்லியாக வேண்டியதையும் இந்த இதழ்ல எடுத்துக்கிட்டேன். நிலக்கரிக் கப்பல்ல ஆபீசரா அந்த ஆத்துல போய் வந்தவன்ங்கற உரிமையில எழுதறேன்.

கேள்வி: என் வீட்டுக்காரர் நிலக்கரிக் கப்பல்ல போசனா (டெக் ஆளுங்களுக்கு மேஸ்திரி) இருக்கார். ஹால்டியாவுக்குப் போனா "சாண்ட்ஹெட்ஸ்ல நிக்கறோம், எப்ப உள்ள விடுவாங்கன்னு தெரியல"ன்னு ஒரு மெசேஜ் வரும், அதோட சிக்னல் போயிடும், அப்புறம் நாள்கணக்கா பேச்சே இல்ல. நடுக்கடல்ல ஏன் இப்படி நிறுத்தி வைக்கறாங்க? ஏதாவது பிரச்சனையா? (வாசகி, தூத்துக்குடி)

பயப்படாதீங்கம்மா, பிரச்சனை ஒண்ணும் இல்ல, அந்த ஆத்து வழக்கமே அப்படித்தான். சாண்ட்ஹெட்ஸ்ங்கறது ஹூக்ளி ஆறு வங்கக்கடல்ல கலக்கற வாய்க்கும் வெளிய, கரையே கண்ணுக்குத் தெரியாத இடம், அங்க மொபைல் டவர் எட்டாது, அதான் போன் வரல. அங்க இருந்து கீழ் ஆத்துல இருக்கற ஹால்டியா துறைமுகம் 120 கிலோமீட்டர், கொல்கத்தா கிதர்பூர் டாக்குன்னா (டாக்னா கப்பல் நின்னு சரக்கு ஏத்தி இறக்கற, தண்ணி கட்டி வெச்ச குளம் மாதிரி) 220 கிலோமீட்டர் சொச்சம்.

நிக்கறதுக்குக் காரணம் தண்ணி. கங்கை அடிச்சுக்கிட்டு வர்ற வண்டல் பூரா ஆத்து வாயில படிஞ்சு அங்கங்க மணல் மேடாயிடும், அதை பார்னு சொல்லுவாங்க, ஜெல்லிங்காம், ஆக்லாண்டு, பலாரி, மோயாப்பூர்னு ஒவ்வொரு மேட்டுக்கும் தனித்தனிப் பேர் இருக்கு. கடல் தண்ணி ஏறறது ஏத்தம், இறங்கறது வத்தம், வத்தத்துல அந்த மேட்டு மேல கப்பல் தாண்டற அளவுக்கு ஆழம் கிடையாது. ஏத்தம் வந்தா தண்ணி 4 மீட்டர், 5 மீட்டர்னு ஏறும், அந்த ஏத்தத்தைப் பிடிச்சுத்தான் மேட்டைத் தாண்டணும், விட்டா அடுத்த ஏத்தத்துக்கு பன்னெண்டு மணி நேரம் ஆகும். அதுலயும் அமாவாசை பௌர்ணமி ஒட்டி தண்ணி நல்லா ஏறும், அஷ்டமி நவமி பக்கம் வந்தா ஏத்தம் சோர்ந்து போயிடும், கொஞ்சம் ஆழமா மிதக்கற கப்பல் அந்த நாலஞ்சு நாளும் வெளியவே காத்திருக்க வேண்டியதுதான். எந்தத் தேதியில எத்தனை மீட்டர் ஆழம் மிதக்கற கப்பல் உள்ள வரலாம்னு துறைமுகத்துல முன்கூட்டியே கணக்குப் போட்டு லிஸ்ட் விடுவாங்க, கேப்டன் கையில அந்த லிஸ்ட் இருக்கும்.

இது போக ஹால்டியாவுல டாக்குக்குள்ள நுழைய இருக்கறது ஒரே ஒரு லாக். லாக்னா ரெண்டு பக்கமும் கேட் வெச்ச பெரிய தொட்டி மாதிரி, கப்பலை உள்ள விட்டு ஆத்துப் பக்க கேட்டை மூடி தண்ணி மட்டத்தைச் சரி பண்ணி அப்புறம் டாக் பக்க கேட்டைத் திறப்பாங்க. ஆத்து மட்டம் நாளைக்கு ரெண்டு தடவை ஏறி இறங்கினாலும் உள்ள மட்டம் நிலையா இருக்கறது அதனாலதான். உள்ள போறவன் வெளிய வர்றவன் எல்லாருக்கும் அது ஒண்ணுதான் வாசல், அதுலயும் க்யூ. கப்பலைக் கட்டற எடம், அதாவது பெர்த் காலி இல்லன்னாலும் வெளியதான் நிப்பாங்க.

ஹால்டியாவுல இப்பல்லாம் எட்டு மீட்டர் சொச்சம் ஆழம் கிடைச்சாலே பெரிசு. வெளிநாட்டுல இருந்து ஸ்டீல் பிளாண்டுக்கு நிலக்கரி கொண்டு வர்ற பெரிய கப்பல் விசாகப்பட்டினத்துலயோ பாரதீப்லயோ பாதியை இறக்கி, லைட்டான பெறகுதான் ஹூக்ளி பக்கமே வரும். ஏத்திக்கிட்டு வெளிய போற கப்பலுக்கும் இதே கணக்குதான், முழுசா ரொப்ப முடியாது. கன்னியாகுமரியில விவேகானந்தர் பாறைக்கு படகு விடறாங்களே பூம்புகார் கப்பல் கழகம், 1974ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்சது, நம்ம மின்வாரியத்துக்கு அந்தப் பக்கத்து நிலக்கரியைக் கொண்டு வர்ற வேலையை வருஷக்கணக்கா பாத்தது அவங்கதான், ஹால்டியா காத்திருப்பு நம்மூர் கப்பல்காரங்க வீட்டுக்கெல்லாம் பழகின கதை.

ஒண்ணு செய்யுங்கம்மா, கப்பல் பேரை எழுதி வெச்சுக்கோங்க, மெரைன்டிராஃபிக் ஆப்ல பேரைப் போட்டா கப்பல் கரைப்பக்கம் வந்ததும் எங்க இருக்குன்னு காட்டும். சாகர் தீவைத் தாண்டி உள்ள வந்துட்டா அவருக்கும் சிக்னல் வந்துரும்.

கேள்வி: கப்பல்ல ஜிபிஎஸ், ரேடார், எலக்ட்ரானிக் சார்ட் எல்லாம் இருக்கு, இத்தனை வருஷ சர்வீஸ் போட்ட கேப்டனும் இருக்கார். அப்புறம் எதுக்கு வெளியாள் ஒருத்தர் வந்து ஓட்டணும்? (கல்லூரி மாணவர், மதுரை)

தம்பி, கேப்டனுக்குக் கடல் தெரியும், இந்த ஆறு தெரியாது. இன்னைக்கு சார்ட்ல போட்ட ஆழம் அடுத்த மழைக்கு அப்புறம் இருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல, மணல் எடம் மாறிக்கிட்டே இருக்கும், துறைமுகத்து சர்வே லாஞ்சுங்க (அளவெடுக்கற சின்னப் படகுங்க) வருஷம் பூரா அளந்துக்கிட்டே இருப்பாங்க, அதுக்கேத்த மாதிரி வழி காட்டற மிதவை, அதாவது போயாவை நகர்த்தி வெப்பாங்க. அந்தப் புது அளவு எல்லாத்தையும் தலையில வெச்சிருக்கறவர்தான் ஹூக்ளி பைலட். கிழக்கிந்தியக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டுலயே இதுக்குன்னு தனியா பைலட் சர்வீஸ் வெச்சது, உலகத்துலயே நீளமான, கஷ்டமான பைலட்டேஜ்ல ஒண்ணுன்னு கப்பல்காரங்க இன்னைக்கும் சொல்லுவாங்க.

எவ்ளோ மோசமான ஆறுன்னு புரியறதுக்கு ஒரே ஒரு இடத்தைச் சொல்றேன். ஃபால்டா பக்கம் தாமோதர் ஆறு வந்து கலக்குது, இன்னும் கொஞ்சம் கீழ கேயோங்காளிகிட்ட ரூப்நாராயண் ஆறு வந்து கலக்குது. இந்த ரெண்டு முகத்துக்கும் நடுவுல இருக்கற மணலுக்கு ஜேம்ஸ் அண்ட் மேரின்னு பேர். 1694ல ராயல் ஜேம்ஸ் அண்ட் மேரிங்கற கப்பல் அங்க மாட்டி அழிஞ்சது, பேர் அப்படியே நின்னுருச்சு. அந்த மணல்ல மூக்கு தட்டினா பின்பக்கத்தை நீரோட்டம் தள்ளும், கப்பல் குறுக்க திரும்பும், குறுக்க நின்ன கப்பலைத் தண்ணி அப்படியே சாய்ச்சுரும். பாய்மரக் காலத்துல நிமிஷக்கணக்குல கவுந்து மணலுக்குள்ள போன கப்பல் எத்தனையோ. அங்கல்லாம் சுக்கான் பிடிக்கற ஹெல்ம்ஸ்மேனுக்குக் குடுக்கற ஆர்டர் அரை நிமிஷம் லேட்டாகக் கூடாது, ஜிபிஎஸ் நீ எங்க இருக்கேன்னு சொல்லும், தண்ணி உன்னை எங்க தள்ளப் போகுதுன்னு சொல்லாது.

ஆழம் கம்மியான எடத்துல வேகமா போனா கப்பல் இன்னும் கீழ அமுங்கும், ஸ்க்வாட்னு நாட்டிகல் படிக்கறவங்களுக்குச் சொல்லித் தருவாங்க. வேகத்தைக் குறைச்சா அமுங்காது, ஆனா சுக்கான் பிடிப்பு போயிடும். இது ரெண்டுக்கும் நடுவுல மணிக்கணக்கா நின்னுக்கிட்டே ஓட்டறது சாதாரண வேலை இல்ல. மேல ஏறிப் போற கப்பலுக்கு ஒரு சவுகரியம் உண்டு, ஏத்தமும் கூடவே மேல ஏறி வரும், அதுகூடவே போயிடலாம். கீழ இறங்கறவனுக்குத்தான் சோதனை, நல்ல தண்ணியில கிளம்பினாலும் வழியில வத்தம் வந்து எதிர்ல நிக்கும், டயமண்ட் ஹார்பர் பக்கம் நங்கூரம் போட்டு அடுத்த ஏத்தத்துக்குக் காத்திருந்து போவாங்க.

பைலட் வந்தாலும் பொறுப்பு கேப்டனோடதுதான், கப்பல்ல நடக்கறதை எழுதி வெக்கற லாக் புக்ல "மாஸ்டர்ஸ் ஆர்டர், பைலட்ஸ் அட்வைஸ்"னு எழுதுவோமே, அதோட அர்த்தம் அதுதான். கூட ஒண்ணு சொல்லணும், பைலட் கப்பல்ல ஏறற அந்தக் கொஞ்ச நேரம் இருக்கே, அதுதான் அவர் வேலையிலயே ஆபத்தான நேரம். கயிறு ஏணி, அவரைக் கொண்டு வந்த லாஞ்ச் கீழ ஒரு ஆள் உயரத்துக்கு ஏறி இறங்கும், கப்பலைத் திருப்பி காத்து படாத பக்கத்தை அவருக்குக் குடுக்கணும், ஏணி திருகிக்காம இருக்க நடுநடுவுல நீளப் பலகை இருக்கணும், அடியில நாலு படி ரப்பர்ல இருக்கலாம், மேல ஒரு ஆபீசர் வாக்கிடாக்கியோட, பக்கத்துல லைட் வெச்ச லைஃப்பாய். தண்ணியில இருந்து 9 மீட்டருக்கு மேல ஏறணும்னா ஏணி மட்டும் பத்தாது, கப்பல் பக்கவாட்டுப் படிக்கட்டான கேங்வேயும் சேர்த்து இறக்கணும்னு சர்வதேச விதியே இருக்கு. நாளைக்கு நீ கேடட்டா போனா அந்த ஏணிக் கயித்தை உன் கையாலயே இழுத்துப் பாத்து செக் பண்ணு, எவனோ பாத்திருப்பான்னு விட்டுராத.

கேள்வி: கொல்கத்தாவுல பாபுகாட் படித்துறையில நின்னுக்கிட்டிருந்தோம், திடீர்னு படகுக்காரங்க எல்லாம் "பான், பான்"னு கத்திக்கிட்டு படகை கரைக்குக் கொண்டு வராம நடு ஆத்துக்கு ஓட்டிக்கிட்டுப் போனாங்க. போலீஸ் மைக்ல எல்லாரையும் மேல ஏறச் சொன்னாங்க. கொஞ்ச நேரத்துல ஒரு அலை கடலைப் பாத்துப் போகாம கடல்ல இருந்து மேல வந்துச்சு. அது என்ன? (வாசகர், பெரம்பூர்)

குடுத்து வெச்சவர் சார் நீங்க, அந்த அலைக்குத்தான் பான்னு பேர், அதைப் பாக்கறதுக்குன்னே வந்து காத்திருக்கற ஆளுங்க இருக்காங்க. கடல் ஏத்தம் பெரிய முகத்துவாரத்துல நுழைஞ்சு மேல போகப் போக ஆறு குறுகுது, தரை மேடாகுது, வந்த தண்ணிக்கு எடம் பத்தல, முன்னால ஓடற தண்ணி மேடேறி வேகம் குறையும்போதே பின்னால வர்றது வந்து ஏறிக்கும், அப்படியே சுவர் மாதிரி எழும்பி ஆத்தை எதிர்த்து ஓடி வரும். அமாவாசை பௌர்ணமி ஒட்டின பெரிய ஏத்தத்துலதான் வரும், எல்லா நாளும் வராது. பெரிசா வந்தா ரெண்டு மீட்டருக்கு மேலயும் போகும்.

படகை ஏன் நடு ஆத்துக்கு ஓட்டறாங்கன்னு கேட்டீங்களே, நல்ல கேள்வி. அந்த அலை உடையறது ஆழம் கம்மியான கரையோரத்துலதான், ஆழமான நடுப்பக்கம் அது வெறும் பெரிய உருளல், படகு ஒரு தூக்கு தூக்கி இறக்கிட்டுப் போயிடும். கரையில கட்டிக்கிடக்கற படகைத்தான் படித்துறைக் கல்லுல அடிச்சு நொறுக்கும். அந்த படகுக்காரங்க அலைக்கு நேரா மூக்கைத் திருப்பி வெச்சு நின்னதைப் பாத்திருப்பீங்க, பக்கவாட்டுல வாங்கினா கவுந்துரும். ஆத்துல மூரிங்ல (நிலையா கட்டி வெக்கற எடத்துல) கிடக்கற கப்பலுக்கும் பான் வர்ற நாள்ல கூடுதலா செயின், கயிறு எல்லாம் போட்டு இறுக்கிக் கட்டுவாங்க. துறைமுகம் தேதி நேரம் எல்லாம் முன்னாடியே அறிவிச்சுரும், அதனாலதான் போலீஸ் மைக்கோட ரெடியா நின்னாங்க. குளிக்கறவங்க படியில நின்னு செல்ஃபி எடுக்கறதை மட்டும் யாரும் செய்யாதீங்க, அது ரொம்ப தப்பு, வருஷாவருஷம் சொல்லியும் கேக்க மாட்டேங்கறாங்க.

கேள்வி: ஃபராக்கா அணையைக் கட்டினதே கொல்கத்தா துறைமுகத்துக்காகத்தானா? (வாசகர், ஈரோடு)

ஆமா, முக்கியமா அதுக்குத்தான். கங்கையோட பெரும்பங்கு தண்ணி பல நூற்றாண்டுக்கு முன்னாடியே பத்மாங்கற கிளை ஆத்துப் பக்கம் திரும்பி இப்போதைய பங்களாதேஷுக்குள்ள போயிடுச்சு, ஹூக்ளிக்கு வர்ற மேல் தண்ணி குறைஞ்சதும் கடல் ஏத்தம் கொண்டு வர்ற வண்டலைத் திருப்பித் தள்ள பலம் இல்ல. 1975ல கங்கைக்குக் குறுக்க கட்டின ஃபராக்காவை இயக்கத்துக்குக் கொண்டு வந்து 38 கிலோமீட்டர் கால்வாய் வழியா விநாடிக்கு 40,000 கனஅடி வரைக்கும் ஹூக்ளிப் பக்கம் திருப்பினாங்க. கோடையில அந்தத் தண்ணி பங்களாதேஷுக்கும் வேணும், அதனால ரெண்டு நாட்டுக்கும் இழுபறி, 1996 டிசம்பர்ல 30 வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டு ஜனவரியில இருந்து மே வரைக்கும் எப்படிப் பங்கு பிரிக்கறதுன்னு எழுதினாங்க. அந்த 30 வருஷம் 2026 டிசம்பரோட முடியுது.

பலன் இருந்துச்சான்னா, மேல கொல்கத்தா பக்கம் தண்ணி உப்பு குறைஞ்சது, கொஞ்சம் உதவிச்சு. ஆனா கீழ ஆத்து வாயில மணல் அடங்கல, மணல் அள்ளற டிரெட்ஜர் கப்பல் இன்னைக்கும் ஓஞ்ச பாடில்ல. என்னைக் கேட்டா, இமயமலை மண்ணு வந்துக்கிட்டேதான் இருக்கும்ங்கறதை ஒத்துக்கிட்டு, அந்த ஆழத்துக்கு ஏத்த சின்னக் கப்பல், பார்ஜ்ங்கற தட்டையான சரக்குப் படகு பக்கம் இன்னும் காசு போடறதுதான் சரி.

கேள்வி: ஹவுரா பாலத்துக்கு அடியில பெரிய கப்பல் போகுமா? (பள்ளி மாணவி, நாகர்கோவில்)

போகாதும்மா. 1943ல திறந்த இந்தப் பாலம் நடுவுல திறக்கற மாதிரி கட்டினது இல்ல, அடியில உயரமும் கம்மி. இதுக்கு முன்னாடி 1874ல இருந்து அங்க மிதவைப் பாலம் இருந்துச்சு, அதுல நடுப்பகுதியைக் கழட்டி கப்பலுக்கு வழி விடுவாங்க, அந்த நேரம் மாட்டுவண்டி மனுஷங்க எல்லாம் ரெண்டு கரையிலயும் காத்துக் கிடப்பாங்க. இப்ப பெரிய கப்பல் எல்லாம் கீழ கிதர்பூர், நேதாஜி சுபாஷ் டாக்கோட சரி, பாலத்துக்கு அடியில ஓடறது பயணிகள் லாஞ்ச், பார்ஜ், படகுதான். 2024ல இருந்து ஆத்துக்கு அடியில மெட்ரோ ரயிலே ஓடுது.

கேள்வி: பையன் பிளஸ் டூ முடிச்சிருக்கான். கப்பல் வேலை வாங்கித் தர்றேன்னு ஏஜென்ட் ஒருத்தர் பல லட்சம் கேக்கறார், கொல்கத்தாவுல ஜாயினிங்னு சொல்றார். குடுக்கலாமா? (தந்தை, கும்பகோணம்)

குடுக்காதீங்கய்யா. ஒரு ரூபாகூட குடுக்காதீங்க. கடலோடிகிட்ட வேலை வாங்கித் தர்றதுக்குன்னு காசு வாங்கறது நம்ம நாட்டுலயும் சர்வதேச விதியிலயும் சட்டவிரோதம். ஆள் எடுக்கற கம்பெனிக்கு, கப்பல் துறையைக் கவனிக்கற மத்திய அரசு அமைப்பான டிஜி ஷிப்பிங் குடுத்த ஆர்பிஎஸ்எல் லைசென்ஸ் நம்பர் இருக்கணும், டிஜி ஷிப்பிங் வெப்சைட்ல அந்த நம்பரைப் போட்டு நீங்களே பாக்கலாம், அவர் காட்டற ஜெராக்ஸை நம்பாதீங்க. இப்படி பணம் குடுத்துப் போன பசங்க ஏதோ ஊர்ல பேர் தெரியாத ஓட்டைக் கப்பல்ல சம்பளம் இல்லாம, பாஸ்போர்ட்டும் கையில இல்லாம மாட்டிக்கிட்டதை நேர்ல பாத்தவன் நான், அந்தப் பசங்க வீட்டுல நகையை அடகு வெச்சுக் குடுத்திருப்பாங்க, அதை நினைச்சாலே வயிறு எரியும்.

நேர்வழி இருக்கு. பையன் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ்ல 60 சதவீதமும் இங்கிலீஷ்ல 50 சதவீதமும் வாங்கியிருந்தா ஐஎம்யூ சிஇடி நுழைவுத்தேர்வு எழுதலாம். ஐஎம்யூங்கற இந்திய கடல்சார் பல்கலைக்கழகம் 2008ல வந்தது, தலைமையகமே நம்ம சென்னைதான். கப்பலை ஓட்டற டெக் பக்கம் போகணும்னா மூணு வருஷ நாட்டிகல் டிகிரி இல்லன்னா ஒரு வருஷ டிப்ளமோ, இன்ஜின் பக்கம்னா நாலு வருஷ பிடெக். கொல்கத்தா தாராதலாவுல இருக்கற இன்ஜினியரிங் கேம்பஸ் 1949ல இருந்து இன்ஜினியர்களை உருவாக்கின இடம். மார்க் கம்மின்னா, ஆபீசருக்குக் கீழ்நிலை வேலைக்கு ஜிபி ரேட்டிங்னு ஆறு மாசக் கோர்ஸ் இருக்கு, டிஜி ஷிப்பிங் அங்கீகாரம் இருக்கற இன்ஸ்டிட்யூட்டான்னு பாத்துச் சேருங்க. டிப்ளமோவுல சேரறதுக்கு முன்னாடி கோர்ஸ் முடிச்சதும் கப்பல்ல எடுத்துக்க ஒத்துக்கற ஸ்பான்சர் கம்பெனி இருக்கான்னு கட்டாயம் கேளுங்க, கோர்ஸ் முடிச்சும் கப்பல் கிடைக்காம வருஷக்கணக்கா வீட்டுல உக்காந்திருக்கற பசங்க நெறைய.

கேள்வி: வர்ற பொங்கல் சமயம் அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு கங்காசாகர் போறோம். படகுப் பயணம் பயமா இருக்குமா? (வாசகி, காரைக்குடி)

தாராளமா போங்க. காக்துவீப் பக்கம் லாட் நம்பர் 8னு ஒரு படகுத்துறை, அங்க இருந்து மூரிகங்கா ஆத்தைத் தாண்டி சாகர் தீவுல கச்சுபேரியா, அப்புறம் பஸ், வேன்ல கோயில். பெரிய வெசல்தான், பயம் இல்ல. ஆனா அங்கயும் இதே மணல் கதை, வத்தத்துல வெசல் ஓட தண்ணி பத்தாம சில மணி நேரம் சர்வீஸை நிறுத்திருவாங்க, அது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரம். மகர சங்கராந்தி அன்னைக்கு கூட்டமும் இருக்கும், மூடுபனி வேற, அதனால திரும்பற ரயிலை அன்னைக்கே புக் பண்ணாதீங்க, ஒரு நாள் தள்ளிப் போடுங்க. வயசானவங்கன்னா மேளா முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சுப் போறது இன்னும் நிம்மதி.

கேள்வி: நாங்க விசைப்படகுத் தொழில். அவ்ளோ கப்பல் போற ஆத்துல மீன்பிடிக்கறவங்க எப்படி வலை விடறாங்க? கப்பல்காரங்க ஒதுங்கிப் போவாங்களா? (மீனவர், ராமேஸ்வரம்)

அண்ணே, ஒதுங்கறதுக்கு கப்பலுக்கு எடமே கிடையாது. சேனல் குறுகல், ரெண்டு பக்கமும் மணல், லோடு கப்பல் இன்ஜினை நிறுத்தினாலும் ஒரு கிலோமீட்டருக்கு மேல ஓடித்தான் நிக்கும். குறுகலான சேனல்ல போற கப்பலுக்கு மீன்பிடிப் படகு தடையா இருக்கக் கூடாதுன்னு சர்வதேச மோதல் தடுப்பு விதி 9லயே இருக்கு. ஆனா ஹில்சா மீன் மழைக்காலத்துல கடல்ல இருந்து ஆத்துக்குள்ள ஏறி வர்ற வழியும் அதே சேனல்தான், அவங்க வேற எங்க போய் வலை விடுவாங்க? அதனால ஏத்த வத்தத்தைப் பாத்து கப்பல் வர்ற நேரத்தைக் கணக்கு பண்ணி நடுவுல கிடைக்கற நேரத்துல மிதவை வலையை விட்டு எடுத்துருவாங்க. பைலட்டுங்களுக்கும் எந்த வளைவுல எந்தப் பருவத்துல வலை கிடக்கும்னு அத்துப்படி, தூரத்துலயே ஹார்ன் அடிக்க ஆரம்பிச்சுருவாங்க, படகுல ஒருத்தன் டார்ச்சை ஆட்டி வலை எந்தப் பக்கம் நீண்டிருக்குன்னு காட்டுவான்.

பெரிய கப்பலை விட அவங்களுக்கு அதிக தொந்தரவு பார்ஜுங்கதான். 1972 நதிவழி ஒப்பந்தப்படி ஹால்டியா, பட்ஜ்பட்ஜ் பக்கம் இருந்து அனல்மின் நிலையச் சாம்பலை ஏத்திக்கிட்டு சுந்தரவனம் வழியா பங்களாதேஷ் சிமெண்ட் ஆலைக்குப் போற கப்பல் வரிசையா ஓடும், டெக்குல தண்ணி ஏறற அளவுக்குத் தாழ லோடு போட்டுப் போகும், அதுல சிலது கவுந்து மூழ்கியும் இருக்கு. மூழ்கினா சாம்பல் பூரா ஆத்துலதான், வலையும் கிழியும் மீனும் போகும், நஷ்டஈடுன்னு சின்னப் படகுக்காரன் கைக்கு சுலபத்துல எதுவும் வராது. லோடு அளவை கரையிலயே நிறுத்திப் பாத்து அனுப்பணும், இதுல தயவு தாட்சண்யமே கூடாது.

மீன் வரத்தும் பழைய மாதிரி இல்லன்னு அவங்க சொல்றது உண்மைதான். ஃபராக்கா வந்த பெறகு ஹில்சா அதுக்கு மேல ஏற முடியல. சின்ன மீனைப் பிடிச்சுரக் கூடாதுன்னு 23 சென்டிமீட்டருக்குக் கீழ இருக்கற ஹில்சாவைப் பிடிக்கவோ விக்கவோ மேற்கு வங்கத்துல தடை இருக்கு, கடல்ல உங்களுக்கு இருக்கற அதே ஏப்ரல் 15 - ஜூன் 14 தடைக்காலம் அங்கயும் உண்டு. உங்க சங்கத்துல இருந்து யாராவது காக்துவீப், நாம்கானா மீன்பிடித் துறைமுகத்துக்கு ஒரு தடவை போய் அவங்க சங்கத்து ஆளுங்களோட பேசிட்டு வாங்க, தடைக்கால நிவாரணத்துல இருந்து டீசல் வரைக்கும் ரெண்டு பக்கமும் பேச விஷயம் இருக்கு.